ஆட வேண்டியதும் ஆடக் கூடாததும்

சில வருடம் ஓடிய சின்ன கார்களில் ஒரு சத்தம் வரும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது கேட்காது. குண்டும் குழியுமான தெருவில் ஊர்ந்து போகும்போதும், வேகத்தடையைக் கோணலாகத் தாண்டும்போதும் முன்சக்கரப் பக்கமிருந்து ‘டொக் டொக்’ என்று கேட்கும். மெக்கானிக்கிடம் போனால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, “டை ராட் எண்ட் போயிருச்சு சார், மாத்தணும்” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

அந்த டை ராட் எண்ட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்பேனர் செட், இரண்டு சுத்தியல், ஜாக்கி, உறுதியான ஸ்டாண்டு, முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்ச் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். ஆனால் ஸ்டீயரிங் வேலை என்றதும் பலருக்குக் கை நடுங்குகிறது. சிலருக்கு நடுங்குவதே இல்லை. அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். இந்தச் சின்னப் பாகத்தில் மூன்று இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற இரண்டும் அணுவளவும் அசையக் கூடாது. எது எந்த வகை, ஏன் என்பது தெரிந்துவிட்டால் ஸ்பேனரை எங்கே வைப்பது, சுத்தியலால் எங்கே அடிப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஸ்டீயரிங் வீலைத் திருப்பும்போது அதன் தண்டின் கீழ்முனையில் பினியன் எனும் சிறு பல்சக்கரம் சுழல்கிறது. அதன் பற்கள் ராக் எனும் நீண்ட பற்கோலைக் கடித்துப் பிடித்து இடமும் வலமும் நகர்த்துகின்றன. ராக்கின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கம்பிகள் சக்கரங்களை நோக்கி நீள்கின்றன. அவைதான் டை ராடுகள். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற கனமான இரும்பிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். டை ராடின் வெளிமுனையில் திருகப்பட்டிருக்கும் டை ராட் எண்ட் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். சக்கரம் திரும்பும்.

இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் கம்பி எதற்கு? நம் கோயில் தேருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. சக்கரங்கள் எல்லாம் நேராகத்தான் உருளும். தெருமுனையில் திருப்ப வேண்டுமென்றால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவார்கள். வடம் இழுபட, தேர் பக்கவாட்டில் அரைபட்டுக்கொண்டே வளையும். நேராக உருள வேண்டிய சக்கரத்தைக் குறுக்கே இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேர் திரும்பும்போது எழும் அந்தக் கிறீச்சொலியே போதும். இதே விஷயம் கார் டயரில் சத்தமில்லாமல் நடக்கும்; அதைப் பிறகு பார்ப்போம்.

ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலிருக்கும் ஒரே ஆணியைச் சுற்றித் திரும்பியது. கூர்மையாகத் திருப்பினால் இரு முன்சக்கரங்களும் வண்டியின் நடுக்கோட்டுக்கு அருகே வந்துவிடும்; தாங்கும் அடித்தளம் குறுகி வண்டி கவிழும். அச்சை அசைக்காமல் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே திருப்பலாம் என்று மியூனிக் நகரின் வண்டி செய்பவரான கியார்க் லாங்கென்ஷ்பெர்கர் 1816 வாக்கில் கண்டார். லண்டனில் அவருக்காக 1818-ல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன், படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர். இன்றைக்கும் எந்தப் பொறியியல் பாடத்திலும் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் இதே யோசனையை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தன் சொந்த வண்டிக்காக வகுத்திருந்தார் என்பது இன்னொரு வேடிக்கை.

தனித்தனியாகத் திரும்புவது மட்டும் போதாது. வளைவின் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால் உட்சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும். பழைய மாருதி ஆல்ட்டோவை எடுத்துக்கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2360 மில்லிமீட்டர். முன்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1.3 மீட்டர். உட்சக்கரம் 35 டிகிரி திரும்பினால், எந்தச் சக்கரமும் குறுக்கே இழுபடாமல் உருள வெளிச்சக்கரம் சுமார் 27 டிகிரிதான் திரும்ப வேண்டும். இந்த எட்டு டிகிரி வித்தியாசத்தை நக்கிளின் கை எந்தக் கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் டை ராடின் நீளமும் சேர்ந்து உண்டாக்குகின்றன. நடைமுறையில் கார் செய்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாமல் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ஆனாலும் டை ராடின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் முக்கியம்.

இனி ஆட வேண்டிய இணைப்பைப் பார்ப்போம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். ராக்கோ காரின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டை ராட் மேலும் கீழும் சாய வேண்டும். அதே நேரத்தில் சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். எல்லாத் திசையிலும் சாயக்கூடிய, ஆனால் எந்தத் திசையிலும் நழுவாத இணைப்பு வேண்டும். அதற்குத்தான் பால் ஜாயின்ட். ஓர் எஃகுத் தண்டின் முனையில் மெருகேற்றிய உருண்டை. அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிண்ணம். இரண்டுக்கும் நடுவே பாலிஅசிட்டால் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் ஓர் உறை, கொஞ்சம் கிரீஸ். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரப்பர் பூட். உருண்டையைத் தளரவிடாமல் உள்ளே ஓர் அழுத்தமும் இருக்கும். புது டை ராட் எண்டைக் கையில் எடுத்துத் தண்டைச் சாய்த்துப் பாருங்கள்: விரல் வலிக்கும் அளவுக்குப் பிடிவாதமாக நகரும், விட்ட இடத்தில் நிற்கும். தேய்ந்ததைக் கழற்றி எடுத்தால் தண்டு தன் எடையிலேயே தொங்கி விழும். உலுக்கினால் கிலுக்கும்.

தேய்மானம் தொடங்குவது பெரும்பாலும் உருண்டையில் அல்ல, பூட்டில். வெயிலும் ஓசோனும் ரப்பரை வெடிக்கவைக்கும். ஒரு மயிரிழை வெடிப்பு போதும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கார் போகும்போது சேறும் நுண்மணலும் உள்ளே போகும், கிரீஸ் கழுவிக்கொண்டு வெளியே வரும். உராய்ந்து தேயும் அளவு அழுத்தத்தையும் நகர்ந்த தூரத்தையும் பொறுத்துக் கூடும், பொருளின் கடினத்தைப் பொறுத்துக் குறையும் என்று 1953-ல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் ஓர் எளிய விதி எழுதினார். அந்த விதியை வைத்துப் பார்த்தால் கடினமான எஃகு தப்பி, மென்மையான பிளாஸ்டிக் மட்டும் தேய வேண்டும். மணல் புகுந்தால் கதை மாறிவிடுகிறது. மணல்துகள் பிளாஸ்டிக்கில் புதைந்து நின்றுகொள்ளும். அதன்பிறகு அந்த உறையே உப்புத்தாளாக மாறி எஃகு உருண்டையை அறுக்கத் தொடங்கும். கொஞ்சம் இடைவெளி வந்ததும் ஒவ்வொரு பள்ளத்திலும் உருண்டை கிண்ணத்தின் சுவரில் மோதும். மோத மோத இடைவெளி பெரிதாகும். பூட் நல்ல நிலையில் இருக்கும்வரை பல வருடம் உழைக்கும் இந்த இணைப்பு, பூட் கிழிந்தபின் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போவது இதனால்தான். எனவே டயர் மாற்றும்போதெல்லாம் குனிந்து பூட்டைப் பார்ப்பது, காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருப்பதைவிட நல்லது.

ஓட்டுபவரின் கைக்கு இது ஏன் தெரிவதில்லை? கணக்குப் போட்டால் தெரியத்தான் வேண்டும். சின்ன கார் ஒன்றில் ஸ்டீயரிங் வீலின் முழுச் சுற்றுக்கு ராக் ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் அதை ஈடுகட்ட ஸ்டீயரிங் வீல் எட்டு டிகிரி சும்மா திரும்ப வேண்டும். விளிம்பில் அது இரண்டரை சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி ஒளிந்துகொள்கிறது?

இரண்டு காரணங்கள். டை ராடுகள் இரண்டு. ஒன்று தளர்ந்தாலும் மற்றது இறுக்கமாக இருக்கிறது. இறுக்கமான பக்கத்துச் சக்கரம் வீலுக்கு உடனே கட்டுப்படுவதால் கார் திரும்பிவிடுகிறது. தளர்ந்த பக்கம் சற்றுத் தாமதமாகப் பின்னால் வருகிறது. இரண்டாவது, சீராக ஓடும்போது சாலையின் இழுவை சக்கரத்தை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். உருண்டை கிண்ணத்தின் ஒரு சுவரோடு ஒட்டியே நிற்கும். பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் மட்டும் விசையின் திசை மாறி உருண்டை எதிர்ச்சுவருக்குத் தாவும். அந்தத் தாவல்தான் ‘டொக்’. பல சின்ன கார்களின் கையேடுகளே ஸ்டீயரிங் வீல் விளிம்பில் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டத்தை ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டும் இடத்திலிருந்து இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க முயல்வது வீண்.

கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். காரைத் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை மட்டும் விடுவித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து வீலை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டை ராட் எண்டைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இணைப்பில் கம்பியும் நக்கிளும் ஒரே உடலாக நகரும். தேய்ந்ததில் கம்பி முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்து நக்கிள் நகரும். அந்த மோதல் உள்ளங்கையில் நன்றாகவே தெரியும். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. கடிகாரத்தின் 9 மணி, 3 மணி நிலையில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம் பழுது. 12 மணி, 6 மணி நிலையில் ஆடினால் சஸ்பென்ஷனின் கீழ் பால் ஜாயின்ட். எல்லாப் பக்கமும் ஆடினால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ராக்கோடு சேரும் உள்முனையிலும் இன்னொரு பால் ஜாயின்ட் உண்டு. ராக் எண்ட் என்பார்கள். அது மடிப்பு மடிப்பான பெரிய ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும். அந்தப் பூட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வீலை ஆட்டச் சொன்னால் அதன் ஆட்டமும் அகப்படும்.

பாகம் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. ஸ்டீயரிங் இணைப்புகள் செய்வதில் சென்னைக்கே நீண்ட பழக்கம் உண்டு. ராணே மெட்ராஸ் நிறுவனம் 1960-களிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம். பழைய டை ராட் எண்டை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் தேய்மானம் கிண்ணத்துக்குள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. மறுபக்கம் இறுக்கமாக, பூட் முழுதாக இருந்தால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

வேலைக்கு இடம் சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக். சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கியபிறகு காரின் எடை ஸ்டாண்டின் மேல்தான் நிற்க வேண்டும், ஜாக்கியின் மேல் நிற்கக் கூடாது. எண்ணெயில் இயங்கும் ஜாக்கியின் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் கசிந்தால் போதும், கார் கீழே வந்துவிடும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள். எஃகு வளைந்து எச்சரிக்கும்; கான்கிரீட் கல் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தூக்கிய காருக்கு அடியில் தலையைக் கொண்டுபோக இந்த வேலையில் தேவையே இல்லை. எல்லாமே சக்கர வளைவுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன.

சக்கரத்தைக் கழற்றியதும் டை ராடின் மரையில் எண்டுக்கு எதிராக இறுக்கிய செக் நட் தெரியும். முதலில் அதைச் சுற்றியிருக்கும் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். மரையின் இடுக்கில் ஆப்பு அடித்தது மாதிரி இறுகிக்கொள்ளும். எண்ணெய்க்கு அந்த நுண்ணிய இடுக்கில் ஊர்ந்து போக நேரம் வேண்டும். முந்தின நாள் இரவே விட்டுவைத்தால் மறுநாள் பாதிச் சண்டை மிச்சம். செக் நட்டைத் தளர்த்தும்போது டை ராடில் ஸ்பேனர் பிடிக்க வசதியாகத் தட்டையாக்கிய இடத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் முறுக்கு முழுவதும் உள்ளே ராக் எண்டுக்குப் போகும், ரப்பர் பூட் முறுக்கிக் கிழியும்.

அடுத்து நக்கிள். டை ராட் எண்டின் தண்டு நக்கிளின் கையிலுள்ள துளைக்குள் கீழிருந்து நுழைந்திருக்கும். மேல்முனையில் வெட்டுகள் கொண்ட காசில் நட், அதன் குறுக்கே ஸ்பிளிட் பின். பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றினால் தண்டு வெளியே வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. கையால் இழுத்தாலும் வராது, கம்பியால் நெம்பினாலும் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் பொறுமையிழப்பது இங்கேதான்.

காரணம், தண்டு உருளை வடிவில் இல்லை, லேசான கூம்பு. எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும். அப்படியென்றால் அதன் சுவர் அச்சிலிருந்து மூன்று டிகிரி அளவுக்குத்தான் சாய்ந்திருக்கிறது. எஃகின் மேல் எஃகு தானாக வழுக்கத் தொடங்கச் சுமார் எட்டு டிகிரியாவது சாய்வு வேண்டும். சாய்வு அதற்குக் கீழே இருக்கும்வரை, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் கூம்பு தானாக வெளியேறாது. நட்டை முறைப்படி முறுக்கும்போது தண்டு ஒன்றரை டன் எடைக்கு நிகரான விசையோடு துளைக்குள் இழுபடுகிறது. சாய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால் துளையின் சுவரை அது அழுத்தும் விசை ஐந்து மடங்காகப் பெருகுகிறது. ஆகவே ஓடும் காரில் தண்டைப் பிடித்துவைத்திருப்பது இந்த உராய்வுதான். நட்டின் வேலை கூம்பை உட்காரவைப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஸ்பிளிட் பின் நட்டுக்குக் காவல். இது ஆடக் கூடாத முதல் இணைப்பு. கொஞ்சம் ஆடினாலும் தண்டு வளைந்து வளைந்து உலோகச் சோர்வில் ஒருநாள் முறியும். முறிந்தால் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

இவ்வளவு உறுதியான பிடியைச் சுத்தியலால் ஒரே அடியில் விடுவிக்கலாம், அடிக்கும் இடம் தெரிந்தால். தண்டின் முனையில் அடிக்கக் கூடாது. அங்கே அடித்தால் மரை சிதையும், முனை தட்டையாகிக் காளான்போல விரியும், கூம்பு அசையாது. அடிக்க வேண்டியது நக்கிளின் கையில் துளை இருக்கும் கண்ணின் பக்கவாட்டில். நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்கவிடுங்கள். கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைகொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கூர்மையான அடி வேண்டும். அடியின் கணத்தில் வட்டத் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்வட்டமாக நசுங்குகிறது. சில இடங்களில் சுவர் கூம்பை விட்டு விலக, உராய்வு ஒரு நொடியின் சின்னப் பங்கு நேரத்துக்கு அறுந்துபோகிறது. அதுவரை நசுங்கியிருந்த உலோகத்தின் மீள்விசை கூம்பைப் பிதுக்கித் தள்ளிவிடுகிறது. நாலைந்து அடிவரை வெறும் மணிச்சத்தம்தான் கேட்கும். அடுத்த அடியில் சத்தம் சட்டென்று மந்தமாகும். தண்டு ‘பட்’டென்று இறங்கி நட்டில் தொங்கும். நட்டை விட்டுவைத்தது இதற்காகத்தான், இல்லாவிட்டால் எண்ட் காலில் விழும்.

இதற்கென்று புல்லர் கருவியும் உண்டு. ஸ்க்ரூவை இறுக்கி வைத்துவிட்டு அதோடு கண்ணின் பக்கவாட்டில் ஓர் அடியும் கொடுத்தால் சீக்கிரம் விடும். கேஸ் வெல்டிங் தீயால் சூடாக்குவதைச் சில ஒர்க்ஷாப்புகளில் பார்க்கலாம். வேண்டாம். பதப்படுத்திய எஃகின் பதம் போய்விடும், பக்கத்திலிருக்கும் ரப்பரும் கிரீஸும் கருகும்.

பழையது இறங்கியதும் துளைக்குள் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. செந்நிறப் பொடி ஒட்டியிருந்தாலோ, வளையம் வளையமாகப் பளபளப்பு இருந்தாலோ கூம்பு உள்ளே ஆடியிருக்கிறது என்று பொருள். துளை ஓவலாகிப் போயிருந்தால் புது எண்ட் போட்டும் பயனில்லை, நக்கிளையே மாற்ற வேண்டும்.

ஆடக் கூடாத இரண்டாவது இணைப்பு, டை ராடும் எண்டும் சேரும் மரை. இது ஆடக் கூடாதது மட்டுமல்ல, நீளத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. பழைய எண்டைத் திருகி வெளியே எடுக்கும் முன் செக் நட் நின்ற இடத்தில் மரையின் மேல் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், அரைச் சுற்று, கால் சுற்று உட்பட. இதற்கு மேலும் ஒன்று செய்ய வேண்டும்: தண்டின் நடுப்புள்ளியிலிருந்து செக் நட்டின் முகம்வரை இருந்த தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். புது எண்டின் உடல் பழையதைவிட ஓரிரு மில்லிமீட்டர் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம்; அப்போது சுற்றுக் கணக்கு ஏமாற்றிவிடும், அளவு ஏமாற்றாது.

ஒரு சுற்று தவறினால் என்ன ஆகிவிடும்? மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகர்கிறது, நக்கிளின் கை 12 சென்டிமீட்டர் நீளம் என்று கொள்வோம். சக்கரம் 0.7 டிகிரி திரும்பிவிடும். கேட்க அற்பமாக இருக்கிறது. அதே ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயருக்கு விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர். டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வித்தியாசமாகப் பெருகும். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் சற்று நெருங்கியிருப்பதை டோ இன் என்றும் விலகியிருப்பதை டோ அவுட் என்றும் சொல்வார்கள். பெரும்பாலான சின்ன கார்களில் அனுமதிக்கப்படும் அளவு பூஜ்யத்தை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டர்தான். அரைச் சுற்றுத் தவறே எல்லையைத் தாண்டிவிடும்.

தவறான கோணத்தில் நிற்கும் சக்கரம் தேர்ச்சக்கரத்தைப் போலத்தான். ஓடும்போது கார் தன்னைச் சரிசெய்துகொள்வதால் 0.7 டிகிரியை இரு சக்கரங்களும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். அப்படியும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன்டயரும் ஆறு மீட்டருக்கு மேல் பக்கவாட்டுக் கணக்கில் கடன்படுகிறது. இதில் ஒரு பகுதியை ரப்பர் வளைந்துகொடுத்துச் சமாளிக்கும். மீதி, தரையோடு ஒட்டியிருக்கும் தடத்தின் பின்பகுதியில் உராய்வாகக் கழியும். கையை டயரின் மேல் குறுக்காக ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போல முள்ளாகவும் தட்டுப்படும். டோ தவறியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புது எண்டை அளந்த இடத்துக்குத் திருகிக்கொண்டு, கூம்பையும் துளையையும் எண்ணெய், கிரீஸ் இல்லாமல் துடைத்துவிட்டு உள்ளே செருகுங்கள். நட்டை முறுக்கத் தொடங்கும்போது சில நேரம் தண்டும் கூடவே சுழலும். உருண்டைதானே, அதைத் தடுக்க ஆளில்லை. ஜாக்கியை எண்டின் அடியில் பக்குவமாகக் கொடுத்துக் கூம்பைத் துளைக்குள் அழுத்திப் பிடித்தால் உராய்வு தண்டைப் பிடித்துக்கொள்ளும், நட் ஏறும். சின்ன கார்களுக்கு 30 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்வார்கள். உங்கள் காரின் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுவே சட்டம். அந்த அளவை எட்டியபின் ஸ்பிளிட் பின் துளையும் நட்டின் வெட்டும் நேர்படவில்லையென்றால் அடுத்த வெட்டுவரை இன்னும் சற்று இறுக்குங்கள். தளர்த்தி நேர்படுத்தவே கூடாது. தளர்த்திய அளவுக்குக் கூம்பின் பிடி குறைந்துவிடும். ஸ்பிளிட் பின் புதியதாக இருக்கட்டும். வளைத்து நிமிர்த்திய பழைய பின்னின் கால் மறுபடி வளைக்கும்போது ஒடியும்.

செக் நட்டை இறுக்கும்போது எண்டின் உடலைத் தண்டோடு நேராகப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். உடல் ஒருபக்கம் சாய்ந்து நின்றால் உருண்டை முழுத் தூரம் அசைய முடியாமல் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது பூட் நசுங்கும். இதன்பின் டை ராடைச் சுழற்றி டோ சரிசெய்ய நேர்ந்தால் ராக்கின் பெரிய பூட்டின் வெளிமுனைக் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு சுழற்ற வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளில் குறுக்கே ஓடும் நீண்ட டை ராடின் ஒரு முனையில் வலச்சுற்று மரையும் மறுமுனையில் இடச்சுற்று மரையும் இருக்கும். நடுக்கம்பியைச் சுழற்றினால் போதும், நீளம் மாறிவிடும். அங்கே மரையின் திசையைப் பார்க்காமல் பலத்தைக் காட்டினால் வம்பு.

அலைன்மென்ட் சென்டருக்குப் போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்க டோவை வீட்டிலேயே அளக்கலாம். காரைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, இரு முன்டயர்களின் பின்பக்கத்தில், சக்கர நடுவின் உயரத்தில், தரையில் படும் பரப்பின் மேல் சாக்பீஸால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். காரை முன்னோக்கித் தள்ளி டயர்கள் சரியாக அரைச் சுற்று உருண்டதும் அதே புள்ளிகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும். மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே டோ. டயரின் வடிவத்தில் கோணல் இருந்தாலும் அதே புள்ளிகளையே இரண்டு முறையும் அளப்பதால் அந்தப் பிழை கழிந்துபோகிறது. எளிய முறை, ஆனால் கவனமாகச் செய்தால் மில்லிமீட்டர் துல்லியம் வரும்.

இதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடாதீர்கள். அலைன்மென்ட் மெஷின்காரரிடம் ஸ்டீயரிங் வீலை முதலில் நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, இரு பக்கமும் டோ வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒரே பக்கத்தைச் சரிசெய்து மொத்த டோவைக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டால் டயர் தேயாது, ஆனால் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் வீல் சாய்ந்தே நிற்கும். அதை வீலைக் கழற்றி மாட்டிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் அதே அளவு கூட்டினால் தீரும் விஷயம் அது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் செக் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றியும் வீலில் ஆட்டம் மிச்சமிருந்தால் தேய்ந்தது ராக்காக இருக்கலாம். ராக்கின் முதுகில் ஓர் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் முறுக்கினால் ஆட்டம் உடனே மறையும் என்பதால் பலருக்கும் கை அரிக்கும். நாம் ஓட்டுவதில் பெரும்பங்கு நேர்ச்சாலை. ஆகவே ராக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன, ஓரங்கள் புதிதுபோலவே இருக்கின்றன. நடுவின் ஆட்டத்தைப் போக்கும் அளவுக்கு ஸ்க்ரூவை முறுக்கினால், திருப்பத்தில் தேயாத பற்கள் வந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்ததும் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டிய ஸ்டீயரிங் திரும்பாமல் அங்கேயே நிற்கும். அந்த ஸ்க்ரூவை வாசலில் வைத்துத் தொடாதீர்கள். ராக்கை ஒர்க்ஷாப்பில் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.